கடைசித் தவணைக்குக் கவுண்டர் இல்லை

கடனைக் கட்டாதவர்களை வங்கி என்ன பாடுபடுத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். முழுசாகக் கட்டியவர்களை என்ன பாடுபடுத்தும் என்று தெரிய வேண்டுமானால் கட்டிங்கக்காவைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வாள். அவசர வேலை இருப்பவர்கள் கேட்காமல் இருப்பது நல்லது.

கட்டிங்கக்கா ஒரு ரெடிமேட் துணிப் பட்டறையில் துணி வெட்டுகிறவள். அறுபது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே வெட்டில் அறுபது சட்டைக்கான முன்பக்கத்தை எடுத்துவிடுவாள். ஒரு நூல் தப்பினால் அறுபது சட்டையும் போச்சு. பதினெட்டு வருஷத்தில் ஒரு சட்டை போனதில்லை. வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் கணவர், பதிமூன்று வயதில் எதையும் கேள்வி கேட்கும் ஒரு மகள். அவ்வளவுதான் குடும்பம்.

கிரெடிட் கார்டு இந்தக் குடும்பத்துக்குள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாரும் வா என்று கூப்பிடவில்லை. டை கட்டிய ஒருவர் வாசலில் நின்று, ஒரு கையெழுத்துப் போட்டால் டிராவல் பேக் இலவசம் என்றார். பேக்கின் ஜிப் மூன்றாம் மாதமே போய்விட்டது. கார்டு மட்டும் போகாமல் உட்கார்ந்துகொண்டது. முதலில் ஒரு ஃபிரிட்ஜ். பிறகு கூரை ஒழுகியதற்கு. அப்புறம் மெக்கானிக் ஒரு லிஃப்ட் குழியில் கால் இடறி நாலு மாதம் சம்பளம் இல்லாமல் படுத்திருந்தபோது, மளிகையிலிருந்து மாத்திரை வரை எல்லாம் அந்த அட்டையில்தான் ஓடியது. ஆடம்பரம் என்று கையைக் காட்ட ஒன்றும் கிடையாது. மகளுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கியதை ஆடம்பரம் என்று சொல்கிறவன் நாசமாகப் போகட்டும்.

மாதாமாதம் பில் வரும். அதில் மொத்தக் கடன் பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். ‘குறைந்தபட்சத் தொகை’ என்பது கொட்டை எழுத்தில் நடுவில் இருக்கும், சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போட்டு. மூன்று வருஷம் இவர்கள் கொட்டை எழுத்தை மட்டும் படித்துக் கட்டினார்கள். வங்கிக்கு அப்படியொரு பிரியம். கூடப் பிறந்தவர்கள் மறந்த பிறந்த நாளுக்கெல்லாம் வாழ்த்து அனுப்பியது. ‘தங்க வாடிக்கையாளர்’ என்று பட்டம் கொடுத்தது. ஒருநாள் மகள்தான் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தை வாசித்தாள்.

“அம்மா, ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம்னு போட்டிருக்கு.”

“போன் நம்பரா இருக்கும், நல்லாப் பாரு.”

போன் நம்பர் இல்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அக்கா பட்டறையிலிருந்து ஒரு கஜம் பிரவுன் பேப்பர் கேட்டு வாங்கி வந்தாள். பட்டறையில் துணி வெட்டும் முன் அந்தப் பேப்பரில்தான் எல்லாப் பீஸையும் வரைவார்கள். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர், பாக்கெட் எல்லாம் துணி அகலத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தி இறங்கும். காலருக்குத் துணி பத்தாவிட்டால் பக்கத்துத் துணிச் சுருளில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று எந்தக் கட்டிங் மாஸ்டரும் சொல்ல மாட்டார். சொன்னால் அன்றைக்கே சீட்டு கிழியும்.

சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து, இரண்டு பேர் சம்பளத்தையும் அகலமாக வைத்துக் கோடு போட்டாள். அதற்குள் முதல் பீஸாகக் கார்டை வரைந்தாள். மாதம் ஒன்பதாயிரத்து எழுநூறு. சட்டைக்கு முன்பக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது. மிச்சம் இருந்த இடத்தில் வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், கரண்ட், பஸ் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. மெக்கானிக் குனிந்து தேடினார்.

“ஏம்மா, என் டீ எங்க?”

“இதோ, பஸ்ஸுக்குப் பக்கத்துல.”

“இது டீயா? நான் பேனா மை சிந்திடுச்சுன்னு நினைச்சேன்.”

“ஒரு நாளைக்கு ரெண்டு. மூணாவது வேணும்னா பஸ் பீஸைச் சுருக்கிக்குங்க. நடந்து போங்க, உடம்புக்கும் நல்லது.”

“அப்போ எனக்கு?” என்றாள் மகள்.

“உன்னுது காலர். சின்னதுதான், ஆனா அது இல்லாம சட்டை நிக்காது.”

இருபத்தாறு மாதம். சினிமா இல்லை, வெளியே சாப்பாடு இல்லை, பழைய செருப்புக்கு மூன்று தடவை அடி மாற்றினார்கள். பேப்பர் கிழியக் கிழியப் புதுசு ஒட்டினார்கள். பீஸ் மட்டும் ஒரு மாதம்கூடத் துணிக்கு வெளியே போகவில்லை.

அக்காவுக்கு அவ்வளவு வைராக்கியம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தெருமுனையில் ஓர் அறை காலியாகப் போவதாக இருந்தது. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், நீளமான வெட்டு மேஜை போட இடம். மூன்று பள்ளிக்கூடங்கள் சீருடை வெட்டித் தரச் சொல்லி அவளையே நேரில் கேட்டிருந்தன. கடன் முடிந்தால், கார்டுக்குப் போகும் பணம் அப்படியே அந்த அறைக்கு வாடகையாகிவிடும். அவளுக்கென்று ஒரு பட்டறை. கடன் முடியும் தறுவாயில் அறைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“முன்னாடி இருந்தவன் கடன்காரன்மா. பேங்க்காரங்க வந்து பூட்டுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எட்டு மாசம் என் அறைக்குள்ள நானே போக முடியல. கார்டை முடிச்சாச்சுன்னு பேங்க்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. இல்லன்னா மொபைல் கடைக்காரன் அட்வான்ஸோட நிக்கிறான்.”

இவர்கள் கடனை அடைக்கக் கிளம்பிய விஷயம் வங்கிக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஒன்பதாயிரத்து எழுநூறு கட்டிய மூன்றாம் நாள் போன் வந்தது. ஒரு பெண், குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“மேடம், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“இருக்கோம். என்ன விஷயம்?”

“இந்த மாசம் குறைந்தபட்சத் தொகைக்கு மேல கட்டியிருக்கீங்க. தவறுதலா நடந்திருச்சா?”

“இல்லம்மா, வேணும்னுதான் கட்டினேன்.”

அந்தப் பக்கம் யாரிடமோ கிசுகிசுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “மேலதிகாரிக்கு மாத்துறேன் மேடம், லைன்லயே இருங்க, தைரியமா இருங்க,” என்று குரல் வந்தது.

பத்தாம் மாதம் கடன் வரம்பை மூன்று லட்சமாக உயர்த்தினார்கள். பதினைந்தாம் மாதம் ‘உறவு மேலாளர்’ என்று ஒருவர் பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த பிரவுன் பேப்பரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“கடன்ங்கிறது ஒரு உறவு மேடம். வட்டி கட்டுறவங்களை நாங்க வெளியாளாப் பாக்குறதே இல்ல. ஆனா நீங்க அசல்ல கை வைக்கிறீங்க. அசல்ல கை வச்சா என்ன அர்த்தம்? எங்களை விட்டுப் போகப் போறீங்கன்னு அர்த்தம். நாங்க உங்களுக்கு என்ன குறை வச்சோம்?”

“வட்டி மட்டும் மாசம் அஞ்சாயிரத்து எழுநூறு போட்டீங்க சார்.”

“அந்த அளவுக்கு உங்க மேல நம்பிக்கை வச்சிருந்தோம் மேடம்,” என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

இருபத்தைந்தாம் மாதம் அக்கா பில்லில் இருந்த மொத்தத்தையும் பைசா சுத்தமாகக் கட்டினாள். முடிந்தது என்று வீட்டில் மூன்று பேரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஐந்நூற்றுப் பதினொன்று அறுபது காசுக்கு இன்னொரு பில் வந்தது. விசாரித்தால், பில் அடித்த நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி பதினொன்று அறுபதாம். அந்தப் பதினொன்று அறுபதைக் கேட்பதற்கு முன்பே கட்டாமல் விட்டதற்கு அபராதம் ஐந்நூறாம்.

அக்கா தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். பதினெட்டு வருஷம் துணி வெட்டுகிறவள், உள்தையலுக்கு அரை இன்ச் விடாமல் அளவுக்குச் சரியாக வெட்டலாமா? இந்தத் தடவை விடுகிற மாதிரி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள். பில்லுக்கு மேல் ஐம்பது. துணி வெட்டுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றியிருக்காது.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குச் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வங்கிக்குள் நுழைந்தாள். டோக்கன் மெஷினில் நாலு பட்டன். புதிய கார்டு. வரம்பு உயர்வு. குறைந்தபட்சத் தொகை. மற்றவை. அக்கா ‘மற்றவை’யை அழுத்தினாள். மெஷின் உள்ளுக்குள் ஏதோ உருட்டிவிட்டு ‘ம-1’ என்று ஒரு சீட்டைத் துப்பியது.

காவல்காரர் ஓடி வந்தார். “அந்தப் பட்டனை யாரும்மா அழுத்தச் சொன்னது? நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு, அது வேலை செய்யும்னே எனக்குத் தெரியாது.”

‘குறைந்தபட்சத் தொகை’க்கான ஒன்றாம் கவுண்டரில் வரிசை கதவு வரை நின்றது. சுவரில் ஒரு பெரிய சட்டம். அதற்குள் ஒரு நடுத்தர வயதுக்காரரின் புகைப்படம். கீழே, ‘இந்த ஆண்டின் நட்சத்திர வாடிக்கையாளர் – பதினொரு ஆண்டுகள் தவறாமல் குறைந்தபட்சம்’ என்று எழுதி, மாலை மாதிரி சின்ன விளக்குகள் சுற்றியிருந்தார்கள். மற்றவைக்குக் கவுண்டரே இல்லாததால் அக்காவையும் ஒன்றாம் கவுண்டருக்கே அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, “குறைந்தபட்சம் இருபத்தஞ்சு அறுபது,” என்றாள்.

“முழுசாக் கட்டணும்மா. மேல ஐம்பது சேர்த்து வச்சுக்கோ.”

அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். பணத்தை எண்ணி உள்ளே வைத்துவிட்டு, மெதுவான குரலில், “முழுசாவாக்கா?” என்று கேட்டாள்.

“முழுசாத்தான். கார்டை மூடணும். லெட்டர் வேணும்.”

அதற்கு, விட்டுப் போகிறவர்களைப் பிடித்து வைக்கும் ‘தக்கவைப்பு அதிகாரி’யைப் பார்க்க வேண்டுமாம். தனி அறை, மெத்தைச் சோபா, மேஜையில் கண்ணீர் துடைக்க ஒரு டப்பா காகிதக் கைக்குட்டை. அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். கார்டை மூடுவதற்கான காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம் இருந்தது. ஒன்று, வாடிக்கையாளர் இறப்பு. இரண்டு, வாடிக்கையாளர் தலைமறைவு. மூன்று, வாடிக்கையாளர் திவால்.

“கடனை அடைச்சாச்சுன்னு கட்டம் இல்லையே சார்?”

“அப்படியும் ஒரு காரணம் இருக்கும்னு தலைமை அலுவலகத்துல யாரும் யோசிக்கல மேடம். இருக்கிறதுல ஒண்ணை எடுத்துக்குங்க. தலைமறைவு வேண்டாம், போலீஸ் கேஸ் ஆயிடும். திவால்னா வீட்டுச் சாமானை ஜப்தி பண்ணணும். உங்களுக்கு ஒத்து வர்றது இறப்புதான். சுலபம். வீட்டுக்காரர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

அக்கா மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் எங்கேயோ ஒரு லிஃப்ட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, நான் செத்துட்டேன்னு நீங்க வந்து கையெழுத்துப் போடணுமாம்.”

“எத்தனை மணிக்கு?”

“எத்தனை மணிக்கா! ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“கேட்டா மட்டும் சொல்லவா போறானுங்க? லெட்டர் கிடைக்கும்னா போட்டுட்டுப் போறேன். நீ சாயங்காலம் வரும்போது பால் வாங்கிட்டு வந்துடு.”

“நான் உயிரோடதான் மூடுவேன்,” என்றாள் அக்கா, போனிலும் இல்லாமல் அதிகாரியிடமும் இல்லாமல் பொதுவாக. மூன்று கட்டத்துக்கும் கீழே தானே பென்சிலால் நாலாவது கட்டம் ஒன்று வரைந்து, ‘கட்டி முடித்துவிட்டேன்’ என்று எழுதி, அதில் ஒரு டிக் போட்டு நீட்டினாள். அதிகாரி அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டியவர் முகம் மலர்ந்தது.

“மன்னிச்சுக்குங்க மேடம், மூட முடியாது. கணக்கு சைபர்ல இருந்தாத்தான் மூடலாம். பில்லுக்கு அப்புறம் ஓடின வட்டி அறுபது காசு போக, உங்க கணக்குல நாற்பத்தொன்பது நாற்பது அதிகமா இருக்கு. அதாவது, நாங்க உங்களுக்குக் கடன்பட்டிருக்கோம்.”

“அப்போ குடுத்துடுங்க.”

“வாங்குறதுக்குத்தான் எங்ககிட்ட படிவம் இருக்கு மேடம். குடுக்குறதுக்கு இல்ல.”

மேலாளரிடம் போனாள். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். மேஜை அவ்வளவு பெரிது, அதில் தாராளமாக நாற்பது சட்டை வெட்டலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது.

“உட்காருங்க மேடம். பணத்தைத் திருப்பித் தர ஆறு வாரம் ஆகும். தலைமை அலுவலகம் அனுமதிக்கணும். அதுவரைக்கும் கார்டு உயிரோடதான் இருக்கும். நாளைக்கு ஒண்ணாம் தேதி. வருஷக் கட்டணம் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது தானா ஏறிடும்.”

“அப்போ நாளைக்கு நான் மறுபடியும் கடன்காரியா?”

“அப்படிக் கொச்சையாச் சொல்லாதீங்க. மறுபடியும் எங்க குடும்பத்துல ஒருத்தர்.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மனசு விட்டுப் பேசுறேன் மேடம். கட்டாம ஓடுறவனை நாங்க சமாளிச்சுடுவோம். ஆள் வச்சிருக்கோம், வக்கீல் வச்சிருக்கோம். ஆனா முழுசாக் கட்டுறவங்களை எப்படிச் சமாளிக்கிறது? எல்லாரும் உங்களை மாதிரி பேப்பர் விரிச்சு உக்காந்தா இந்தக் கட்டடத்துக்கு வாடகை யார் குடுப்பா? எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு. மக்கள் கொஞ்சம் கொஞ்சமா, முடிவே இல்லாம கட்டணும். அதுதான் மேடம் ஒழுக்கம்.”

“சார், எனக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு லெட்டர் இல்லன்னா ஒரு அறை போயிடும். என் சொந்தப் பட்டறை சார் அது.”

“அறைதானே? அறைக்கும் நாங்க கடன் தர்றோமே!” என்று மேலாளர் சந்தோஷமாக டிராயரைத் திறந்தார்.

அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டாள். மணி ஒன்று. வரிசைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. இருபத்தாறு மாதம் அந்த மனுஷன் மூன்றாவது டீ குடிக்கவில்லை. மகள் ஒரு பிறந்த நாளுக்குக்கூடப் புதுத் துணி கேட்கவில்லை, ஊருக்கெல்லாம் துணி வெட்டுகிறவள் வீட்டில். இத்தனையும் நாற்பத்தொன்பது நாற்பதுக்காகக் காற்றில் போவதா? போக விட்டால் அவள் கட்டிங்கக்கா இல்லை.

பக்கத்தில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். எங்கேயோ பார்த்த முகம். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். நட்சத்திரமேதான். விளக்கு மாலை இல்லாததால் அடையாளம் தெரியவில்லை.

“அண்ணே, நீங்க என்ன வேலை?”

“கண்ணாடி மாட்டுற வேலைம்மா. ஜன்னல், கதவு.”

“பதினொரு வருஷமாக் கட்டுறீங்களே, அப்படி என்னதான் வாங்கினீங்க?”

“ஒரு கட்டில். பதினெட்டாயிரம்.”

“கட்டில் எப்படி இருக்கு?”

“அது உடைஞ்சு நாலு வருஷமாச்சு. தரையிலதான் படுக்குறோம்,” என்றார் நட்சத்திரம். சொல்லிவிட்டு, தன் புகைப்படத்தை ஓரக்கண்ணால் கொஞ்சம் பெருமையாகவே பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெருமையைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. பில்லைக் கொடுங்கள் என்று வாங்கினாள். பொடி எழுத்தில் இன்னும் பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம் பாக்கி. மாதம் அறுநூற்றைம்பது வீதம் இதுவரை எண்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கட்டியிருந்தார். எழுந்து போய் மூலையில் நின்ற ‘கனவு காணுங்கள், கடன் நாங்கள் தருகிறோம்’ விளம்பரத் தாளை ஸ்டாண்டிலிருந்து உருவி, பின்பக்கத்தைத் திருப்பித் தரையில் விரித்தாள். நல்ல அகலமான தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

“சம்பளம் எவ்வளவுண்ணே? கூச்சப்படாமச் சொல்லுங்க.”

அவர் சொல்லச் சொல்லப் பீஸ் பீஸாக வரைந்தாள். ‘கார்டு பாதுகாப்புத் திட்டம்’ என்று மாதம் நானூற்றிருபது தனியாகப் போய்க்கொண்டிருந்தது. எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. கவுண்டரில் கட்டுவதற்குக் கட்டணம் நூறு. சிகரெட்டில் முந்நூற்று முப்பதை அவரே முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தார். எல்லாம் சேர்த்தால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு கட்டலாம். ஒவ்வொரு மாதமாக வட்டியைப் போட்டுக் கழித்துக்கொண்டே வந்தாள்.

“பதினாலு மாசம்ணே. அதோட சரி.”

“என்ன சரி?”

“கடன் சரி. முடிஞ்சது.”

நட்சத்திரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “முடியும்னு யாருமே சொல்லலையேம்மா,” என்றார்.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கழுத்தை நீட்டினார். “அக்கா, எனக்கும் ஒண்ணு போட்டுப் பாருங்களேன்.” அவருக்கு முன்னால் நின்றவர், “நான்தான் முன்னாடி நின்னேன்,” என்று சண்டைக்கு வந்தார். வரிசை கவுண்டரை விட்டு வளைந்து, பெஞ்சைச் சுற்றி வந்து, தரையில் விரித்த தாளில் முடிந்தது. காவல்காரர் கலைக்க வந்தார். வந்தவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பில்லைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டு பேர் டோக்கன் மெஷினில் ‘மற்றவை’யை அழுத்திப் பார்த்தார்கள்.

இரண்டு மணிக்கு மேலாளரின் அறையில் தலைமை அலுவலகத்துப் போன் அலறியது. கதவு திறந்திருந்ததால் அவர் பேசியது கூடம் முழுக்கக் கேட்டது.

“இல்லைங்க, தீ விபத்து எதுவும் இல்ல... கொள்ளையும் இல்ல... ஆமா, ஒன்றாம் கவுண்டர்ல ஒரு மணி நேரமா யாரும் குறைந்தபட்சம் கட்டல, பாக்குறேன்... கூட்டம் இருக்குங்க. நிறைய இருக்கு. என்ன செய்றாங்களா? கணக்குப் போடுறாங்க.” அதற்குப் பிறகு அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, மேலாளர் நின்றுகொண்டே பேசினார்.

அவர் வெளியே வந்து கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தார். “அன்பான வாடிக்கையாளர்களே, தயவுசெய்து கணக்குப் போடாதீங்க. கணக்குப் போடுறதுக்குத்தான் நாங்க இருக்கோம். நீங்க போட்டா வேற விடை வரும்!”

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அக்காவின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“மேடம், உங்களுக்கு என்ன வேணும்?”

“காலையிலேருந்து ஒண்ணுதான் கேக்குறேன். லெட்டர். அப்புறம் என் நாற்பத்தொன்பது நாற்பது.”

“அந்தச் சில்லறையைச் சேவைக் கட்டணமா வச்சுக்கிட்டா உடனே சைபர் ஆயிடும்...”

“பதினொண்ணு அறுபதுக்கு நீங்க எனக்கு ஐந்நூறு அபராதம் போட்டீங்க. எனக்குத் தர வேண்டியதை மணிக்கணக்கா வச்சிருக்கீங்க, நான் அபராதம் கேட்டேனா? காசை எண்ணி வைங்க சார்.”

கூட்டத்தில் யாரோ, “அபராதமும் கேளுங்கக்கா!” என்றார்கள். மேலாளர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஆறு வாரம் ஆகும் என்ற வேலை நாலு நிமிஷத்தில் முடிந்தது. மேலாளர் தன் கையாலேயே லெட்டரைக் கொண்டு வந்தார். கூடவே ஒரு தட்டில் நாற்பத்தொன்பது நாற்பது, காசு முதற்கொண்டு. அக்கா லெட்டரின் கொட்டை எழுத்தைப் படித்தாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தையும் வரி விடாமல் படித்தாள். கணக்கு மூடப்பட்டது, பாக்கி ஏதுமில்லை, முத்திரை, கையெழுத்து, தேதி. தட்டில் இருந்ததை எண்ணிப் பையில் போட்டாள். மகளுக்குப் போன் போட்டு, “கிடைச்சுடுச்சுடி,” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் மகள் போட்ட கூச்சல் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

“சந்தோஷம் மேடம்,” என்றார் மேலாளர். “அப்போ... கிளம்புறீங்களா? ஆட்டோ சொல்லட்டுமா? வங்கிச் செலவுல.”

“எத்தனை மணிக்கு மூடுவீங்க?”

“நாலு மணிக்கு.”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. தாளைச் சுற்றி நின்ற வரிசையைப் பார்த்தாள். பதினொரு பேர், ஆளுக்கொரு பில்லோடு. கடைசியில், பேட்ஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மேலாளர் கண்ணில் படாமல் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள் ஒன்றாம் கவுண்டர்ப் பெண்.

“இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருக்கே சார்,” என்றாள் அக்கா. பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டு தாளில் காலியாக இருந்த ஓரத்தைத் தன் பக்கம் திருப்பினாள். “அந்தத் தூணுக்குப் பின்னாடி நிக்கிற தங்கச்சி, முதல்ல நீ வா. சம்பளம் எவ்வளவு?”